போராட்டத்தில் எடுத்த படங்கள்: அழிப்பதா, கொடுப்பதா, வைத்துக்கொள்வதா?

வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதி, கூடவே படங்களையும் அனுப்பியிருக்கிறார். ஊரும் ஆளும் தெரிந்துவிடக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 27. மாவட்டத் தலைநகர் ஒன்றில் தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அண்ணன் வெளிநாடு போகும்போது விட்டுப்போன கேமராவில் தேர்த் திருவிழா, வாரச்சந்தை, குளத்துக் கொக்கு என்று எடுத்துப் பழகியவர். ஒரு திங்கட்கிழமை, மக்கள் குறைதீர் நாளன்று, ஆட்சியர் அலுவலக வாசலில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் நிலுவைச் சம்பளம் கேட்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த வழியாகப் போனவர் நின்று, காவலர்கள் வரிசையாக நின்ற பேரிகார்டுக்குப் பின்னாலிருந்து ஜூம் லென்ஸில் எடுக்கத் தொடங்கினார். மதியத்துக்கு மேல் அது சாலை மறியலாக மாறியது. பணியாளர்களைத் தூக்கி வேனில் ஏற்றியதையும் எடுத்தார். உதவி ஆய்வாளர் ஒருவர் வந்து “எல்லாத்தையும் டெலிட் பண்ணும்மா” என்றதும் பயந்துபோய், அவர் கண்ணெதிரிலேயே சில படங்களை அழித்துவிட்டு வீடு திரும்பிவிட்டார்.

அடுத்த ஞாயிறு, உள்ளூர் புகைப்படச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் மீதிப் படங்களைத் திரையிட்டார். பாராட்டை எதிர்பார்த்துப் போனவருக்கு ஆளுக்கொரு குட்டு. “பின்னாடி தெரியுற பெயர்ப் பலகையைத் தூக்கிடு, கறுப்பு வெள்ளையாக்கு” என்றார் ஒருவர். “இடது ஓரத்துல ஒரு கை நீட்டிக்கிட்டு நிக்குது, கண்ணை உறுத்துது, கிராப் பண்ணு, வெட்டிடு” என்றார் இன்னொருவர். “போலீஸைப் படம் எடுக்குறதே குற்றம், தெரியாதா?” என்று ஒருவர் பயமுறுத்தினார். அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணின் குளோசப் வந்தபோது, “அந்தம்மாகிட்ட கேட்டியா?” என்றார் சங்கத்தின் ஒரே மூத்த பெண் உறுப்பினர். கடைசியாகப் பேசியவர், ஓய்வுபெற்ற பத்திரிகைப் புகைப்படக்காரர், ஒரே வரியில் முடித்துவிட்டார்: “எல்லாப் படமும் போலீஸ் வீடியோகிராபர் எடுத்த மாதிரியே இருக்கு.” அன்று இரவு தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறார் வாசகி.

கதை அதோடு முடியவில்லை. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்ட படங்கள் வெளியே போய்விட்டன. அந்தக் குளோசப்பை ஓர் அமைப்பு வெட்டி, பெயர் போடாமல் சுவரொட்டியில் அச்சடித்து ஒட்டியது. படத்தில் இருந்த பெண்ணின் மகன் எப்படியோ எண்ணைப் பிடித்து, “அம்மாவுக்கு வேலை போயிடும், படத்தை அழிச்சிடுங்கக்கா” என்று கேட்டார். இரண்டு நாள் கழித்து காவல்துறையிலிருந்து இன்னொரு அழைப்பு: “தனிப்பிரிவிலிருந்து பேசறேன், மெமரி கார்டை எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போங்க.”

நான் செய்தது குற்றமா, படங்களை அழித்துவிடட்டுமா, கார்டைக் கொடுத்தே ஆக வேண்டுமா, சுவரொட்டிக்காரர்களை என்ன செய்வது, விமர்சித்தவர்கள் சொன்னதில் எது சரி என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் ஓர் அவசர வேலை. அந்த மெமரி கார்டைக் கேமராவிலிருந்து கழற்றி, பக்கவாட்டில் இருக்கும் சிறு பூட்டை இழுத்துவிட்டு, ஒரு உறையில் போட்டு வையுங்கள். அதில் இனி ஒரு படம்கூட எடுக்க வேண்டாம். நீங்கள் அழித்த படங்கள் அழிந்துவிட்டன என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அழிக்கும் பொத்தான் பெரும்பாலும் படத்தின் இடத்தைக் காலி என்று குறித்து வைப்பதோடு நின்றுவிடும். அதே இடத்தில் புதுப் படம் எழுதப்படும்வரை பழையதை மென்பொருளைக் கொண்டு மீட்டெடுக்க வாய்ப்பு உண்டு. அதன் பிறகு அதே கார்டில் எடுத்திருந்தாலும் சில படங்களாவது திரும்பக் கிடைக்கலாம். நீங்களே நோண்டாமல் விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து, நீங்கள் பக்கத்தில் இருந்து, முதலில் கார்டை முழுசாக நகலெடுக்கச் சொல்லுங்கள். ஏன் இவ்வளவு அவசரம் என்று பிறகு சொல்கிறேன்.

இனி உங்கள் கேள்விகள். கடிதத்தில் சட்டம், நாகரிகம், படக்கலை மூன்றும் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. உங்களை மிரட்டிய விமர்சனத்தில் சட்டமே இல்லை. தூக்கத்தைக் கெடுத்த விமர்சனத்தில்தான் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இருக்கிறது.

படம் எடுத்தது குற்றமா?

இல்லை. பொதுச் சாலையில் நின்று, பொது இடத்தில் நடப்பதைப் படம் எடுக்கக் கூடாது என்று இந்தியாவில் பொதுவான சட்டம் எதுவும் கிடையாது. பணியில் இருக்கும் காவலரை எடுக்கக் கூடாது என்றும் கிடையாது. 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் சில இடங்களைத் தடைசெய்யப்பட்ட இடங்கள் என்கிறது. ராணுவ நிலைகள் போன்றவை அவை. ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே உள்ள தார் ரோடு அதில் வராது. போராட்டத்துக்கு அனுமதி வாங்கினார்களா இல்லையா என்பது அதை நடத்தியவர்களின் தலைவலி.

எல்லை வேறு இடத்தில் இருக்கிறது. காவலரின் வேலைக்குக் குறுக்கே போய் நின்றால், அரசு ஊழியரைத் தடுத்ததாக, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 221ஆம் பிரிவில் வழக்குப் போடலாம். மூன்று மாதம் வரை சிறை அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இதைவிட நடைமுறையில் அதிகம் நடப்பது ஒன்று உண்டு. கலைந்து போகச் சொல்லி மைக்கில் அறிவித்த பிறகும் கூட்டத்துக்குள் இருந்தால், கேமரா வைத்திருப்பவரையும் சேர்த்தே வேனில் ஏற்றிவிடுவார்கள். கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்து, ஒரு தயிர்சாதப் பொட்டலம் கொடுத்து, சாயங்காலம் விட்டுவிடுவார்கள். எஃப்.ஐ.ஆரில் ஏறிய பெயர் அவ்வளவு சுலபமாக இறங்காது. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போது போலீஸ் வெரிஃபிகேஷனில் அது வந்து நிற்கும்.

உதவி ஆய்வாளர் அழிக்கச் சொன்னதற்கும் சட்டத்தில் இடமில்லை. ஒரு படம் குற்றத்தோடு தொடர்புடையது என்று சந்தேகித்தால் பி.என்.எஸ்.எஸ். எனப்படும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 106ஆம் பிரிவில் அந்தப் பொருளைக் கைப்பற்றலாம். கைப்பற்றுவதை 105ஆம் பிரிவின்படி ஒலி, ஒளிப் பதிவு செய்ய வேண்டும், மகஜர் (என்ன கைப்பற்றினார்கள் என்ற எழுத்துப் பதிவு) போட வேண்டும், மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். கைப்பற்றும் அதிகாரம் உண்டென்றால் அழிக்கச் சொல்லும் அதிகாரமும் அதில் அடக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் எதிரெதிரானவை. சாட்சியமாகப் பயன்படக் கூடாது என்ற நோக்கத்தோடு மின்னணுப் பதிவை அழிப்பதுதான் குற்றம். நீங்கள் மிரட்டலுக்குப் பயந்து செய்தீர்கள், அந்த நோக்கம் உங்களுக்கு இல்லை. உங்கள் மேல் அது வருவது சிரமம். தனியாக நின்ற ஒரு பெண் அந்த நேரத்தில் சட்டப் பிரிவு பேசியிருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

அந்த இடது ஓரத்துக் கை

நீங்கள் அனுப்பியவற்றில் ஏழாவது படத்தை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். பச்சை ஓவர்கோட் போட்ட பெண் சாலையில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார். ஒரு செருப்பு கழன்று கிடக்கிறது. வலது பக்கம் பெண் காவலர் ஒருவர் குனிந்திருக்கிறார். இடது ஓரத்தில், ‘கண்ணை உறுத்துது, கிராப் பண்ணு’ என்று உங்கள் சங்கத்தில் சொன்ன அந்தக் கை, அந்தப் பெண்ணின் மேற்கையைப் பிடித்திருக்கிறது. காக்கிச் சட்டைக்கை, அதில் மூன்று பட்டை, ரோமம் அடர்ந்த மணிக்கட்டு. தலைமைக் காவலர் ஒருவரின் கை. ஆணின் கை.

ஒரு பெண்ணைக் கைது செய்யும்போது அவர் உடலைத் தொடுவது பெண் காவலராக இருக்க வேண்டும் என்பது பி.என்.எஸ்.எஸ். 43ஆம் பிரிவின் பொதுவிதி. “கைது செய்யவில்லை, போக்குவரத்துக்காக அப்புறப்படுத்தினோம்” என்று பதில் வரும். அதை நீதிமன்றத்தில் பேசிக்கொள்ளலாம். ஆனால் பேசுவதற்கே அந்தக் கை படத்தில் இருக்க வேண்டும். அதை வெட்டிவிட்டிருந்தால் பெண் காவலர் ஒருவர் கரிசனத்தோடு குனிந்து உதவுகிற அழகான படம் ஒன்று மிஞ்சியிருக்கும். கார்டை ஏன் கேட்கிறார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அந்தக் கையும், நீங்கள் அழித்த படங்களும் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஊகிக்கிறேன். கார்டைப் பத்திரப்படுத்தச் சொன்னது இதனால்தான்.

தூத்துக்குடியில் 2018 மே மாதம் நடந்த துப்பாக்கிச் சூட்டை நினைத்துப் பாருங்கள். 13 பேர் செத்துப்போன அந்தச் சம்பவத்தில் ஊர் உலகத்துக்கு முதலில் தெரிந்தது, சாதாரண உடையில் வேன் மேல் ஏறி நின்று துப்பாக்கியால் குறிபார்த்தவரின் காட்சிதான். அந்தக் காட்சி இல்லாமல் போயிருந்தால், என்ன நடந்தது என்ற பேச்சே வேறு மாதிரி போயிருக்கும்.

பெயர்ப் பலகையைத் தூக்கச் சொன்னவருக்கும் இதே பதில்தான். கறுப்பு வெள்ளை ஆக்குவது ருசி, உங்கள் இஷ்டம். இருந்த ஒன்றை இல்லாமல் ஆக்குவது வேறு. 2010இல் உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் பரிசு பெற்ற ஒருவருடைய படத்திலிருந்து, பின்னணியில் தெரிந்த ஒரு பாதத்தின் துண்டை அவர் நீக்கியிருந்தது தெரிந்து பரிசையே பறித்துவிட்டார்கள். ஒரு சின்னத் துண்டுதான். கோயில் தேரில் குறுக்கே போகும் மின்கம்பியை நீங்கள் அழித்தால் யாரும் கேட்கப்போவதில்லை. போராட்டப் படத்தில் அந்தப் பலகைதான் இது எந்த ஊர், எந்த வாசல் என்று சொல்கிறது.

நீதிமன்றத்தில் படம் சாட்சியமாக நிற்க வேண்டுமென்றால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் தர வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்தை வைத்துக் கணக்கிடும் அடையாள எண்ணைக் குறிப்பிட வேண்டும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். ஆகவே கேமரா எழுதிய அசல் கோப்பைத் தொடாமல் வையுங்கள். திருத்துவதெல்லாம் நகலில்.

மெமரி கார்டைக் கொடுக்க வேண்டுமா?

தொலைபேசியில் வாய்வார்த்தையாகக் கேட்டதற்காகக் கொடுக்க வேண்டியதில்லை. பி.என்.எஸ்.எஸ். 94ஆம் பிரிவில் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி, புலனாய்வுக்குத் தேவையான ஆவணத்தையோ மின்னணுக் கருவியையோ தரச் சொல்லலாம். அது எழுத்தாணையாக இருக்க வேண்டும். காகிதத்தில் வரலாம், மின்னணு வடிவிலும் வரலாம். வாட்ஸ்அப்பில் வந்தது என்பதற்காகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எந்த வழக்கு, எந்தக் குற்ற எண், எந்தப் படங்கள் என்று அதில் இருக்கிறதா என்று பாருங்கள். தனிப்பிரிவுக்காரர் தகவல் திரட்டுகிறவர். அவர் போன் செய்ததையே நோட்டீஸ் என்று நினைத்து ஓட வேண்டாம்.

அடுத்தது, “ஸ்டேஷனுக்கு வாங்க” என்றது. நீங்கள் பெண். சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் பி.என்.எஸ்.எஸ். 179ஆம் பிரிவுப்படி உங்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டும், அதுவும் எழுத்தில் சொல்லிவிட்டு. இதை மரியாதையாகச் சொல்லலாம்: “சார், எழுத்துல அனுப்புங்க, என் வக்கீல்கிட்ட கேட்டுட்டு பதில் தர்றேன்.” குரலை உயர்த்த வேண்டாம், வாக்குவாதம் வேண்டாம். அழைப்பு வந்த தேதி, நேரம், எண் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வீட்டில் வந்து விசாரித்தால் தெரிந்ததைச் சொல்லுங்கள். காவலர் எழுதிக்கொள்ளும் சாட்சி வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

முறையான எழுத்தாணை வந்துவிட்டால் மறுக்க முடியாது. இதில் உங்களுக்கு இரண்டு தவறான நம்பிக்கைகள் இருக்கின்றன. ‘தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்த முடியாது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அரசியலமைப்பின் 20(3)ஆம் பிரிவு குற்றம் சாட்டப்பட்டவருக்கான பாதுகாப்பு. நீங்கள் இப்போதைக்குச் சாட்சி மட்டுமே. உங்களையே வழக்கில் சேர்த்தால் அப்போது நிலைமை வேறு. ‘பத்திரிகையாளர் தன் ஆதாரத்தைச் சொல்ல வேண்டியதில்லையே’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். பிரஸ் கவுன்சில் சட்டத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. அது அந்தக் கவுன்சில் முன் நடக்கும் விசாரணைக்கு மட்டும். காவல்துறை விசாரணையில் பத்திரிகையாளருக்கே அப்படிப்பட்ட முழுக் கவசம் கிடையாது.

ஆணை வந்தால், கேட்ட சம்பவத்தின் படங்களை ஒன்று விடாமல் நகலெடுத்து, கோப்புப் பட்டியலும் ஹாஷ் எண்ணும் சேர்த்து, உங்கள் வழக்கறிஞர் மூலம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நேரில் போக வேண்டிய அவசியமில்லை, வேறொருவர் மூலம் சேர்ப்பித்தாலே ஆணைக்குக் கீழ்ப்படிந்ததாகும் என்று அதே 94ஆம் பிரிவு சொல்கிறது. அசல் கார்டுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் மகஜர் நகல் இல்லாமல் கை மாற்றாதீர்கள். ஆணை வந்த பிறகு சிலதை ஒளித்து, சிலதைக் கொடுக்கிற விளையாட்டு மட்டும் வேண்டாம். நல்லெண்ணத்தில் செய்தாலும் அது உங்களைச் சாட்சிக் கூண்டிலிருந்து குற்றவாளிக் கூண்டுக்குத் தள்ளும்.

ஆணை வருவதற்கு முன் பணியாளர்களின் வழக்கறிஞருக்கு ஏழாவது படத்தைப் பற்றிச் சொல்லலாமா? தாராளமாகச் சொல்லலாம். அது உங்கள் படம். ஆனால் சொன்னால் நாளை சாட்சிக் கூண்டில் ஏறி, “நான்தான் எடுத்தேன், மாற்றவில்லை” என்று சொல்ல வேண்டிவரும். குறுக்கு விசாரணையில் “அந்த ஊர்ப் பெயர்ப் பலகை எங்கே? இதற்கு முந்தைய படம் எங்கே?” என்று கேட்பார்கள். அதற்குத் தயாரா என்று வீட்டில் பேசிவிட்டு முடிவெடுங்கள். தயார் இல்லை என்றாலும் உங்களைக் கோழை என்று யாரும் சொல்ல முடியாது.

அழுத அந்த அம்மாவின் படம்

சட்டத்தை மட்டும் கேட்டால் பதில் சுருக்கம்: பொது இடத்தில் எடுக்க அவரது சம்மதம் தேவையில்லை. விளம்பரத்துக்கோ வணிகத்துக்கோ பயன்படுத்தினால் கதை வேறு. நக்கீரன் ஆசிரியர் தொடுத்த வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம், ஒருவரின் பெயரையோ உருவத்தையோ சம்மதமில்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவது என்றது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று உறுதி செய்தபோது, தெருவில் நிற்பதாலேயே ஒருவர் அதை முழுசாக இழந்துவிடுவதில்லை என்ற கருத்தும் தீர்ப்பில் பதிவானது. இந்தத் தீர்ப்புகளைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் உங்கள் மேல் வழக்குப் போட்டு ஜெயிப்பது கடினம்.

ஆனால் அவர் வழக்குப் போடப்போவதில்லை. மகனை விட்டுக் கெஞ்சுகிறார். அவர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைப் பெரிதாக்கிப் பார்த்தீர்களா? ஒப்பந்த நிறுவனத்தின் பெயரும் பணியாளர் எண்ணும் எழுத்துக்கூட்டிப் படிக்கலாம். நிரந்தர ஊழியரை நீக்கக் குற்றக் குறிப்பாணை, விசாரணை என்று நடைமுறை உண்டு. ஒப்பந்தப் பணியாளரிடம் மேஸ்திரி “நாளைலேர்ந்து வர வேண்டாம்” என்று சொன்னால் முடிந்தது. சங்கத்தில் அந்த மூத்த உறுப்பினர் கேட்ட “அந்தம்மாகிட்ட கேட்டியா?” என்ற கேள்வியின் எடை இப்போது தெரிகிறதா?

உங்களையே ரொம்பவும் நொந்துகொள்ள வேண்டாம். எந்தப் போராட்டத்திலும் காவல்துறையே வீடியோ எடுக்கிறது, மஃப்டியில் ஆள் நிற்கிறார். முகத்தை வைத்து ஆளைக் கண்டறியும் மென்பொருளும் தமிழ்நாடு காவல்துறையிடம் 2021 முதல் இருக்கிறது. அவர் முகம் உங்கள் படத்தால்தான் முதன்முதலில் வெளியே வந்தது என்பதில்லை. ஆனால் காவல்துறையின் வீடியோ மேஸ்திரியின் செல்போனுக்கு வராது. உங்களுடையது வந்துவிட்டது.

மகன் கேட்டதில் பாதியைச் செய்யுங்கள். நீங்கள் போட்ட இடங்களிலிருந்து படத்தை எடுத்துவிடுங்கள். சங்கத்தின் குழுவிலும் அழிக்கச் சொல்லுங்கள். அசலை அழிக்காதீர்கள். நாளை அந்த அம்மாவுக்கே, “அமைதியாகத்தான் உட்கார்ந்திருந்தேன்” என்று காட்ட அது தேவைப்படலாம். மகனிடம் இதை உள்ளபடி சொல்லுங்கள்: “வெளியே இருக்கிறதை எடுத்துட்டேன் தம்பி, அசலைப் பத்திரமா வச்சிருக்கேன், அம்மா கேட்டா தர்றேன்.” அழித்துவிட்டேன் என்று பொய் சொல்லி, பிறகு ஒருநாள் அது எங்காவது தலைகாட்டினால் அந்தக் குடும்பம் உங்களை மன்னிக்காது.

இனிமேல் பகிரும்போது முகத்தை மறைக்க வேண்டுமென்றால் லேசாக மங்கலாக்குவது போதாது. அப்படிப்பட்டதை ஓரளவு தெளிவாக்கும் கருவிகள் வந்துவிட்டன. முழுக் கட்டமாக மூடுங்கள். அடையாள அட்டை, வண்டி எண், கையில் குத்திய பச்சை இவற்றையும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த இடம், நேரம் போன்ற உள்விவரங்கள் நீங்கிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே போகும். தரம் குறையக் கூடாது என்று நீங்கள் டாக்குமென்டாகத்தான் அனுப்பினீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

சுவரொட்டி

எடுத்தவரே உரிமையாளர். பதிவு செய்திருக்க வேண்டியதில்லை, குழுவில் போட்டதால் உரிமை போய்விடாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் புகைப்படத்துக்கு 60 ஆண்டு பாதுகாப்பு தருகிறது. பெயர் போடும்படி கேட்கவும், உங்கள் நற்பெயரைக் கெடுக்கும்படி சிதைப்பதைத் தடுக்கவும் 57ஆம் பிரிவில் தனி உரிமை இருக்கிறது. நடப்புச் செய்தியாக வெளியிடுவதற்கும் விமர்சிப்பதற்கும் 52ஆம் பிரிவில் விலக்கு உண்டு. சுவரொட்டி அதில் அடங்குவது சிரமம்.

வழக்கெல்லாம் போட வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு கடிதம் போதும்: மேற்கொண்டு அச்சடிக்காதீர்கள், அந்த அம்மாவின் முகம் உள்ள சுவரொட்டிகளைக் கிழித்துவிடுங்கள் என்று. பெயர் போடச் சொல்லிக் கேட்பதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். அந்தச் சுவரொட்டியில் உங்கள் பெயர் இருப்பது இப்போதைய நிலையில் உங்களுக்கு வேண்டுமா?

‘போலீஸ் வீடியோகிராபர்’

படக்கலை என் தொழில் இல்லை. ஆனால் வழக்குக் கட்டுகளில் கிடக்கும் படங்களை வருடக்கணக்காகப் பார்த்துவருகிறேன். அந்தப் பெரியவர் சொன்னது எனக்குச் சரியாகவே படுகிறது.

உங்கள் படங்கள் எல்லாமே ஒரே திசையிலிருந்து வந்தவை. முன்னால் காவலரின் தோளும் தொப்பியும் மங்கலாக, அதற்கு அப்பால் கூட்டம். தூரத்திலிருந்து ஜூம் லென்ஸில் இழுத்ததால் முகங்கள் நெருக்கியடித்துத் தெரிகின்றன. யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் எவ்வளவு இடம் இருந்தது, பேரிகார்டு எங்கே என்று எதுவும் பிடிபடவில்லை. காவல்துறை கேமரா அப்படித்தான் எடுக்கும், அதற்கு முகம் தேவை. அவர்கள் என்ன கேட்டு வந்தார்கள் என்று உங்கள் பன்னிரண்டு படங்களில் ஒன்றில்கூட இல்லை. கையில் பிடித்திருந்த அட்டைகளில் எழுத்துப் பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது. எத்தனை மாத நிலுவை என்பது எனக்கு உங்கள் கடிதத்தைப் படித்துத்தான் தெரிந்தது.

நீங்கள் அங்கே நின்றதற்குக் காரணம் பாதுகாப்பு. அதைக் குறையாகச் சொல்லமாட்டேன். முதல் தடவை, தனியாக, ஒரு பெண். ஆனால் காவலருக்குப் பின்னால், கூட்டத்துக்குள் என்று இரண்டே இடம்தான் உண்டு என்று நினைத்துவிட்டீர்கள். பேரிகார்டு முடியும் ஓரம் ஒன்று உண்டு. அங்கே பத்திரிகைக்காரர்கள் நிற்பார்கள், பின்னால் நகர வழியும் இருக்கும். அங்கிருந்து சாதாரண லென்ஸில் எடுத்தால் இரண்டு பக்கமும் ஒரே படத்துக்குள் வரும். காலையிலேயே போய், வெறுமனே உட்கார்ந்திருக்கும் நேரத்தில், கேமராவைத் தூக்காமல் நாலு வார்த்தை பேசிவிட்டால், ‘எடுத்துக்கட்டுமா?’ என்று எல்லோரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டியிருக்காது. வேண்டாம் என்பவர்கள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வார்கள், உங்களுக்கே தெரியும். ஊர், தேதி, கோரிக்கை மூன்றையும் அன்று இரவே படத்தோடு எழுதி வையுங்கள்.

அடுத்த முறை போகும்போது அலுவலக அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகாதீர்கள். இதில் உங்கள் நிலையத்தை இழுக்க வேண்டாம். ஆதார் நகல் பையில் இருக்கட்டும். வீட்டில் ஒருவருக்கு எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியட்டும். கலையச் சொல்லி அறிவிப்பு வந்ததும் சாலையின் எதிர்ப்புறம் போய்விடுங்கள். அங்கிருந்தும் படம் வரும்.

இந்த வாரத்துக்கு இது போதும்: கார்டைப் பூட்டி வைப்பது, அந்தக் குளோசப்பை எடுத்துவிடுவது, அந்தத் தம்பியிடம் பேசுவது. எழுத்தில் நோட்டீஸ் வந்தால் பதில் அனுப்பும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பணம் ஆகுமே என்று தயங்க வேண்டாம். உங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள். 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். நோட்டீஸின் நகலையும், அழைப்புகள் குறித்த நோட்டையும் மறக்காமல் கையோடு எடுத்துப் போங்கள்.